லால்குடிக்குப் போன வால்வு ரேடியோ

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தப் பழம்பொருள் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ரேடியோ வாங்க வந்தவன் மரப்பெட்டியைத் தடவிப் பார்க்கவில்லை, "பாடுமா?" என்று கேட்கவில்லை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையைப் பிளக்கின் காலில் வைத்தேன். இன்னொரு முனையைப் பின்பக்க அட்டைத் துளை வழியாக விட்டு சேஸிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் தகரச் சட்டத்தில், ஊன்றினேன். பிறகு பிளக்கின் அடுத்த கால். முதல் ரேடியோவில் மீட்டர் கீச்சென்று கத்தியது. இரண்டாவதிலும் அதே சத்தம். மூன்றாவதில் இரண்டு காலுக்கும் மூச்சே இல்லை. ஆன் சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. "இதை எடுங்கண்ணே" என்றேன்.

வால்வு ரேடியோ என்றால் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது. அதில் இரண்டு ரகம். ஒன்று பவர் டிரான்ஸ்பார்மர் வைத்தது. மற்றது 'ஏசி/டிசி' செட். சில ஊர்களில் டிசி மின்சாரம் ஓடிய காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பாட வேண்டும் என்று செய்தது. அதில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வால்வுகளைச் சூடாக்கும் இழைகளை மாலை மாதிரி வரிசையாகக் கோத்து நேரே மெயினில் போட்டிருப்பார்கள். மெயின் வயரில் ஒன்று சேஸிஸோடு சேர்ந்திருக்கும். மீட்டர் கத்துவது இந்தச் சேர்க்கைக்குத்தான். பிளக்கை மாற்றிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ்தான். குமிழை இறுக்கிப் பிடிக்கும் பொடித் திருகாணியில் ஈர விரல் பட்டால் போதும்.

வால்வின் எண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் 6.3 வோல்ட் இழை, பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் செட். 'யு' என்று தொடங்கினால் 100 மில்லிஆம்பியர் தொடர் இழை, ஏசி/டிசி. அந்தப் 'பெரும்பாலும்' இருக்கிறதே, அதற்காகத்தான் மீட்டர். 'ஈ' வால்வுகளைப் போட்டு, மெயினைப் பிரித்து வைக்காத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வைத்து, சேஸிஸை மெயினோடு சேர்த்துவிட்ட செட்டுகளும் உண்டு.

எனக்காக வாங்கியிருந்தால் 'யு' செட்டானாலும் சரியென்று எடுத்திருப்பேன். என் மேஜையில் ஏற்கெனவே இரண்டு ஓடுகின்றன. இது அத்தைக்கு. தோசைக்கல்லை விட்டு நேரே வந்து, கையை முந்தானையில் துடைத்தும் துடைக்காமலும் குமிழைத் திருப்புகிற ஆள் அவர்.

கடைக்காரர் 3,800 ரூபாய் சொன்னார். 3,200க்கு முடிந்தது. கம்பெனிப் பெயர்த் தகடு எப்போதோ உதிர்ந்து, ஆணித் துளை இரண்டு மட்டும் மிச்சம். அத்தை "என்ன கம்பெனி?" என்று கேட்கப் போகிறாரே என்று அப்போதே ஒரு கவலை.

அத்தைக்கு 79 வயது. லால்குடியில் தனியாக இருக்கிறார். கல்யாணமான புதிதில் மாமா வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. டிவி வந்தபின் அதைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டார். குடம் இன்னும் இருக்கிறது. "பாடினதைக் குடுத்துட்டுத் தண்ணி புடிக்கிறதை வாங்கினேன்டா" என்று அதைத் தேய்க்கும்போதெல்லாம் சொல்வார். பேத்தி வாங்கிக்கொடுத்த கைபேசியில் வானொலி கேட்கலாம்தான், கேட்டும் பார்த்தார். "கொசு பேசற மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. வயதானால் முதலில் போவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் சக்தி. விரலகல ஸ்பீக்கரோ அந்தக் கூர்மையான ஒலிகளை மட்டும்தான் தரும். ஏழு அங்குல ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் வைத்து, செய்தி வாசிப்பவரின் நெஞ்சுக்குரலோடு கேட்டுப் பழகிய காதுக்கு அது கொசுதான்.

சென்னை வீட்டுக்குக் கொண்டுவந்து பின் அட்டையைக் கழற்றியதும் எலிக்கூடு. யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, பொடிப்பொடியாக. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடுகள், டிரான்ஸ்பார்மர் மேல் விரல் கனத்துக்குத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷும் வேக்யூம் கிளீனரும் வைத்து ஒரு ஞாயிறு காலை போயிற்று. எலி மூத்திரம் சேஸிஸில் ஒரு கை அகலத்துக்குத் துரு ஏற்றியிருந்தது. ஆனால் காயில்கள் தப்பித்திருந்தன, அதுதான் முக்கியம்.

வால்வுகள் ஐந்து: ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. இந்த வகை செட்டுக்கு வழக்கமான வரிசை. போதாததற்கு நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண் வால்வு ஒன்று. ஐந்தில் எது போனால் சுலபமாகக் கிடைக்கும் என்று கேட்டால் ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல் 84. கிதார் ஆம்ப்ளிபயர்களில் இன்றும் போடுவதால் அதைப் புதிதாகவே செய்கிறார்கள். மற்றவற்றுக்குப் பழைய சரக்குதான் கதி.

பழைய ரேடியோவை வாங்கியவுடன் பிளக்கில் செருகி "பாடுதா பார்ப்போம்" என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நாற்பது வருடம் பரணில் கிடந்த செட்டில் முதலில் போவது கண்டென்சர். அது போகும்போது டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். கண்டென்சர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? ஆகவே மின்சாரம் இல்லாமலே முதல் சோதனை. டிரான்ஸ்பார்மரின் மெயின் சுற்று 38 ஓம். எச்டி, அதாவது உயர் வோல்ட், சுற்றின் இரண்டு பாதியும் ஏறக்குறைய சமம். ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கம் 400 ஓமுக்குக் கொஞ்சம் மேல், அறுபடவில்லை. வால்வு இழைகள் ஆறும் உயிரோடு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு மெக்கானிக் செப்புக் கம்பி இழை ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார். எந்தக் காலத்துப் புண்ணியவானோ. பிடுங்கிப் போட்டுவிட்டு அரை ஆம்பியர் மெதுஃபியூஸ் போட்டேன்.

மெயின் வயரின் ரப்பர் கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. அதை எடுத்துவிட்டு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் திருகினேன். டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு இது சரி. ஏசி/டிசி செட்டில் இதே வேலையைச் செய்தால் மெயினையே எர்த்தில் கட்டியதாகிவிடும். மெயினிலிருந்து சேஸிஸுக்குப் போன காகிதக் கண்டென்சரை வெட்டி எறிந்துவிட்டேன். அதற்கு பதில் எதுவும் போடவில்லை, அது இல்லாமலே செட் பாடும்.

பிறகு சீரிஸ் பல்ப். ஒரு மரப்பலகையில் பல்ப் ஹோல்டரும் சாக்கெட்டும், மெயின் ஓட்டம் பல்ப் வழியாகத்தான் ரேடியோவுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது. 60 வாட் குண்டு பல்ப் வேண்டும். எல்இடி உதவாது. குண்டு பல்ப் தேடி நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் கோழிக்குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க விற்கிற கடையில் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். கண்டென்சர்களை மாற்றாமலே ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கும் ஆசை. பல்ப் பளிச்சென்று ஏறி, மங்கியது. நல்ல சகுனம். வால்வுகளின் அடியில் செம்மஞ்சள். இருபது விநாடியில் ஸ்பீக்கரிலிருந்து 'உம்ம்ம்' என்று கோயில் மணி ஓய்ந்தபிறகு வரும் மாதிரி ஒரு ரீங்காரம். மீட்டரை ஈஎல் 84-இன் இரண்டாம் காலில் வைத்தேன். அதுதான் கிரிட், வால்வுக்குள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை. அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும், கொஞ்சம் மைனஸ் இருந்தாலும் பரவாயில்லை. பிளஸ் 4 வோல்ட் காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4.3, 4.6 என்று ஏறியது. மூன்றாம் காலில், அதாவது வால்வின் ஓட்டம் முழுவதும் கடக்கும் கேத்தோடில், 7 வோல்ட் சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் 11. அங்கே இருப்பது 150 ஓம் ரெசிஸ்டர், கணக்குப் போட்டால் 73 மில்லிஆம்பியர். அந்த வால்வு தாங்குவது 65. அதுவும் சீரிஸ் பல்ப் பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இந்த லட்சணம். சடாரென்று பிளக்கைப் பிடுங்கினேன்.

முந்தின வால்விலிருந்து வரும் 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். பாட்டை மட்டும் விட்டு வோல்ட்டைத் தடுக்க வேண்டியது அதன் வேலை. மெழுகு வழிந்து, மேலே தூசி படிந்து, பழைய அதிரசம் மாதிரி இருந்தது. வால்வு ரேடியோவில் ஒரே ஒரு கண்டென்சர்தான் மாற்றுவேன் என்று யாராவது அடம்பிடித்தால் மாற்ற வேண்டியது இதைத்தான். இது கசிந்தால் ஒலி கொஞ்சம் கரகரப்பதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வால்வும் ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரும் வெந்துகொண்டிருக்கும்.

மாற்றினேன், 630 வோல்ட் பாலியெஸ்டர். கூடவே மற்ற காகிதக் கண்டென்சர்கள் ஏழும். எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை, மொத்தமே இருநூறு ரூபாய்க்குள். அலுமினிய டப்பாவில் வரும் 50+50 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கண்டென்சரை மேலே அப்படியே விட்டுவிட்டேன், பார்வைக்கு. அதன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு. இந்த இடத்தில் "பெரிசாப் போட்டா ஹம் போயிடும்" என்று நூறு, இருநூறு போடுகிறவர்கள் உண்டு. ஏசியை டிசியாக்கும் ஈஇசட் 80 தனக்கு அடுத்து நிற்கும் கண்டென்சர் 50-க்கு மேல் போனால் தாங்காது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அதன் உயிரில் கொஞ்சம் போகும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நல்ல கைப்பிடி போட்டு வைத்துக்கொண்டு, அதன் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகே கை உள்ளே போகலாம். சூடான செட்டில் அளக்கும்போது என் இடது கை சட்டைப் பையில் இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் பழக்கினார்.

மறுபடி பல்ப், மறுபடி இருபது விநாடி. கிரிட்டில் பூஜ்யம், கேத்தோடில் 7.2. ஏரியல் ஓட்டையில் ஒரு மீட்டர் வயரைச் செருகியதும் கூடம் நிறையக் குரல். பின்பக்க வோல்டேஜ் தேர்வு 220-இல் இருந்தது. எங்கள் தெருவில் அன்று இரவு 241. இழையை அளந்தால் 6.9 வோல்ட். தேர்வை 245-க்கு மாற்றியதும் 6.2. வால்வுக்கு இது பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை.

நிலையங்களைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் டிரான்ஸ்பார்மர் கேன்களின் தலையில் இருக்கும் திருகை நான் தொடவே இல்லை. பாடுகிற செட்டில் அதைத் திருகுகிற கையை வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் மரை உடைந்தால் அதோடு கதை முடிந்தது.

கண்டென்சர், வால்வு எல்லாம் இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. டயல் நூல் மட்டும் மூன்று வாரம்.

குமிழைத் திருப்பினால் நிலையம் மாற்றும் கேங் கண்டென்சரின் பெரிய சக்கரம் சுற்ற வேண்டும், அதே நூல் நான்கு கப்பி ஏறி இறங்கி முள்ளையும் இழுக்க வேண்டும். பழைய நூல் அறுந்து உள்ளேயே மக்கிப் போயிருந்தது. எந்தக் கப்பியில் எந்தப் பக்கம் சுற்றியது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. மீன்பிடி நைலான் போட்டேன், வழுக்கியது. தையல் நூலை நாலாக முறுக்கிப் போட்டேன், ஒரு நாள் வேலை செய்து, மறுநாள் இளகித் தொங்கியது. மூன்றாவது தடவை நூல் சரி, சுற்று தப்பு. குமிழை வலப்பக்கம் திருப்பினால் முள் இடப்பக்கம் போயிற்று. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் மெல்லிய பின்னல் நூல், சக்கரத்துக்குள் ஒரு ஸ்பிரிங், குமிழ்த் தண்டில் மூன்று சுற்று. அந்தச் சுற்றில் வழுக்காமல் இருக்க, வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினைப் பொடித்துத் தடவினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வயலின் கற்றுக்கொள்கிறாள், கேட்டதும் ஒரு துண்டு கொடுத்தாள். பிடித்துக்கொண்டது.

முள் சரியான இடத்தில் நிற்கிறதா? டயலில் இருப்பது மீட்டர் கணக்கு, கிலோஹெர்ட்ஸ் கிடையாது. 3,00,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். திருச்சி 936, ஆகவே 320 மீட்டர் சொச்சம். சென்னை 720, அது 417. திருநெல்வேலி 1197, ஏறக்குறைய 251. இந்த எண்கள் எல்லாம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும், வகுத்துப் பாருங்கள். 1978 நவம்பரில் ஜெனீவாத் திட்டப்படி ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முழுக்க மத்திய அலை நிலையங்களை ஒன்பது ஒன்பதாக நகர்த்தி உட்கார வைத்ததன் விளைவு அது. சென்னையில் எனக்கு 720 கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததால் முள்ளை 417-இல் நிறுத்தி நூலோடு ஒட்டினேன். 320-இல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு, கண்ணாடியின் உள்பக்கம். வெளியில் வைத்திருந்தால் அத்தை ஒரே நாளில் துடைத்தெடுத்துவிடுவார்.

ஸ்பீக்கர் காகிதத்தில் இருந்த கிழிசலுக்கு டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த பெவிகாலும். வால்யூம் கண்ட்ரோலுக்கும் பேண்ட் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர். மரப்பெட்டிக்கு ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கு, பஞ்சைத் துணியில் சுற்றி ஆறு பூச்சு. பச்சைக் கண் மங்கிவிட்டது. நல்லதாக ஒன்று வாங்க ரேடியோ விலை கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

உள்ளே புளூடூத் வைத்துவிடு, கைபேசியிலிருந்து எந்தப் பாட்டும் போடலாம் என்று மாமா பையன் சொன்னான். பின்னால் கிராமபோனுக்கென்று இரண்டு ஓட்டை இருக்கிறது, அதில் சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. அத்தைக்குக் கற்றுக்கொடுக்க ஒருத்தர், இணைப்பு விட்டுப்போகும்போதெல்லாம் போன் செய்தால் பதில் சொல்ல ஒருத்தர் வேண்டியிருக்கும். அந்த ஒருத்தர் நான்தான் என்பது தெரியாதா?

தை மாதம் ரயிலில் கொண்டுபோனேன். வால்வுகளைக் கழற்றி, காலுறைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, டிபன் கேரியர் பையில். பெட்டியை மடியில். அரியலூர் தாண்டும்வரை எதிர் இருக்கைப் பெரியவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அத்தை "என்ன கம்பெனி?" என்று கேட்கவில்லை. கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்ததும் உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். மாமாவின் ரேடியோ லைசென்ஸ். வருடத்துக்கு 15 ரூபாய் தபால் ஆபீசில் கட்டி முத்திரை வாங்கிய பக்கங்கள், ஒரு வருடம்கூட விடாமல்.

"இதுக்குக் கட்டியாச்சா?"

"அத்தை, அதெல்லாம் எண்பதுகள்லயே எடுத்துட்டாங்க."

"தெரியும்டா. உங்க மாமா இருந்தா நாளைக்கே போய் கியூல நின்னிருப்பார், அதான் சொன்னேன்."

வால்வு செட்டைப் போட்டதும் உடனே பாடாது, அரை நிமிடம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டு வால்யூமைக் கூட்டக் கூடாது என்று ஒரு பிரசங்கத்தை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குமிழை டக்கென்று திருப்பிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். டிகாக்‌ஷன் இறங்குகிறதா என்று பில்டரைத் தட்டிப் பார்க்கும் சத்தம். 'உம்' என்று ரேடியோ மூச்சுவிட ஆரம்பித்தது. பால் தம்ளரோடு அவர் திரும்பி வரவும் குரல் எழவும் சரியாக இருந்தது. ஆனால் குரலுக்கு மேலே கரகரவென்று ஒரு இரைச்சல், எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி.

சென்னையில் இல்லாத இரைச்சல் இங்கே எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்த ஒவ்வொன்றாக அணைத்தேன். இன்வெர்ட்டர். இல்லை. டிவியின் செட்டாப் பெட்டி. கொஞ்சம் குறைந்தது. கைபேசி சார்ஜர். இன்னும் கொஞ்சம். கூடத்து எல்இடி குழல்விளக்கை அணைத்ததும் பொரியல் நின்றுபோயிற்று. அந்த விளக்குக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிவிடுகிறது. அதன் அழுக்கு வயர் வழியாகவும் காற்று வழியாகவும் நேரே மத்திய அலையில்தான் போய் விழும். ரேடியோ செய்த காலத்தில் வீட்டில் இதெல்லாம் கிடையாது. கடைத்தெருவுக்குப் போய் வேறொரு எல்இடி குழல்விளக்கு, கனமானதாகப் பார்த்து வாங்கி வந்தேன். அதில் இரைச்சல் பத்தில் ஒரு பங்கு. கனத்துக்கும் இரைச்சலுக்கும் எப்போதும் சம்பந்தம் இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எனக்கு அன்று வாய்த்தது.

ஏரியல் விஷயத்தில் மட்டும் நானும் அத்தையும் ஒத்துப்போகவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து தென்னை மரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் செப்புக்கம்பி இழுக்கச் சொன்னார், மாமா அப்படித்தான் கட்டியிருந்தாராம். இழுத்தால் நன்றாகத்தான் எடுக்கும். ஆனால் ஐப்பசி மாதத்தில் இடி இடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதைப் பிடுங்கி வெளியே போட வேண்டும். அவர் மறந்துபோனால்? திருச்சி நிலையத்துக்கு அவ்வளவு கம்பி தேவையும் இல்லை. கூடத்து உத்தரத்தின் கீழ், சுவரோரமாக, அந்தக் கால வீடுகளில் குறுக்கே கட்டியிருப்பார்களே செப்பு வலை ஏரியல், அதேமாதிரி ஒன்றை நான்கு மீட்டருக்கு இழுத்துக் கட்டினேன். காரைக்குடியிலேயே சுருட்டி வைத்திருந்தார்கள், 150 ரூபாய். 936 கணீரென்று வந்தது. இரவில் திருநெல்வேலியும் எட்டிப் பார்த்தது.

"தென்னை மரத்துல கட்டியிருந்தா சிலோன் எடுக்கும்" என்றார் அத்தை.

கிளம்பும் முன் பார்த்தால் ரேடியோ மேல் குரோஷாத் துணி, நடுவில் மயில் போட்டது. பின்னியதும் பழையதுதான், அந்தப் பழைய ரேடியோவுக்காக. பெட்டியின் மேல்பக்கம் சூடாகும் அத்தை, பின்னால் காற்று போக வேண்டும், ஒரு சாண் இடம் விடணும் என்று ஆரம்பித்தேன்.

"அணைச்சு அரை மணி கழிச்சுத்தான் போத்தணும். எனக்கே சொல்றியா? பாடும்போது போத்தினா அவர் காச்சு காச்சுன்னு காச்சிடுவார்." பிறகு பச்சைக் கண்ணைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு இன்னும் ஆபரேஷன் பண்ணலையா?" அவருக்கு இரண்டு கண்ணும் போன வருடம்தான் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து இரவு ஒன்பதரைக்கு போன். "சின்ன அலை வேலை செய்யலடா."

எனக்குப் பகீரென்றது. சிற்றலையை நான் சென்னையிலேயே பார்த்திருந்தேன், 31 மீட்டரிலும் 25-லும் இரவில் நன்றாகவே எடுத்தது. பேண்ட் சுவிட்சில் மறுபடி துரு பிடித்திருக்குமோ? ஈசிஎச் 81-இன் ஆசிலேட்டர், அதாவது செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதி, சோர்ந்துபோனால் முதலில் நிற்பது சிற்றலைதான், மத்திய அலை பாடிக்கொண்டே இருக்கும். உதிரி வால்வு, கிளீனர், மீட்டர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். மதியம் முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. கிரிட்டில் பூஜ்யம், இழை 6.2, ஆசிலேட்டர் ஓடுகிறது. இரவு எட்டு மணிக்குப் போட்டால் சிற்றலையில் வரிசையாக நிலையங்கள்.

"நல்லாத்தானே இருக்கு அத்தை, எது வரலங்கறீங்க?"

"ஒம்பதேகாலுக்குப் போடு, பாரு."

ஒன்பதேகாலுக்குப் போட்டேன். முள்ளை அவரே நகர்த்தினார், 31-க்குப் பக்கத்தில் முன்னும் பின்னும், தலையைச் சாய்த்துக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேடுவது தமிழோசையை. மாமா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் ஒன்பதேகாலுக்கு யாரும் பேசக் கூடாது.

"அத்தை, பிபிசி தமிழோசையை ரேடியோவுல நிறுத்திட்டாங்க. 2017 ஏப்ரல் 30-ந் தேதியோட."

"யார் சொன்னா?"

"அவங்களே சொன்னாங்க."

நம்பவில்லை. "நாலு மீட்டர் வலையில எப்படி லண்டன் எடுக்கும்? தென்னை மரத்துல கட்டியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு நிலையத்தில் முள் நின்றது. என்ன மொழி என்று எனக்கும் புரியவில்லை. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், குரல் அலையலையாக ஏறி இறங்கியது, பின்னால் ஒரே ஒரு தந்தி வாத்தியம். அத்தை குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார்.

"பேண்டை மத்திய அலைக்கே மாத்தி வச்சிடவா?"

"இருக்கட்டும்டா. என்னமோ பாடறா, நல்லாத்தான் இருக்கு."

டயல் விளக்கு இரண்டில் ஒன்று அன்று போய்விட்டது. கையில் உதிரி இல்லை. 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர், மரை பல்ப் வேண்டும். அவசரத்துக்கு சைக்கிள் டைனமோவுக்கு வரும் 6 வோல்ட் பல்ப்பும் அதே மரையில் உட்காரும். லால்குடி சைக்கிள் கடையில் ஞாயிறு காலை கேட்டேன். டைனமோ விற்று எவ்வளவோ வருடமாயிற்று என்றார், ஆனாலும் உள்ளே போய்த் தேடி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். இரண்டு வாங்கினேன். ஒன்றைப் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பஞ்சில் சுற்றி அந்த லைசென்ஸ் புத்தகத்தோடு இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.